என் கணவரின் காதும் கிண்ணியா டயல் கேஜும்

என் கணவருக்கு என்ஜின் தெரியும் என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத விடயம். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தவர். எந்தப் பகுதியில் என்று கேட்டால், "என்ஜினியரிங் பக்கம்" என்பார். அது உண்மைதான். களஞ்சிய அறை என்ஜினியரிங் பகுதிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அந்த அறையின் சின்ன யன்னலுக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, போல்ட்டும் நட்டும் பெயரிங்கும் எடுத்துக் கொடுத்தவர். "எத்தினை கப்பல் என்ஜின்ர சாமான் என்ர கையால போயிருக்கு தெரியுமே?" என்று அவர் கேட்கும்போது பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது. அவர் கையால்தான் போயின. பெட்டி உடைக்காமல் போயின.

அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த வருடங்களில் திருகோணமலையில் ஓய்வூதியக்காரர்களிடையே ஒரு புது வருத்தம் பரவியது. எல்லோரும் பழைய கார் தேடத் தொடங்கினார்கள். யாருடைய வளவில் தார்ப்பாய் போட்டு மூடிய எதைக் கண்டாலும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அப்படி எட்டிப் பார்த்தபோதுதான் என் கணவருக்கும் ஒன்று அகப்பட்டது. முன்பு டிஸ்பென்சரியாக இருந்த ஒரு வீட்டின் பின்பக்கத்தில், இரண்டு தலைமுறைக் கோழிகள் பின் சீற்றில் அடைகாத்து எழும்பிப் போன ஒரு பழைய ஆங்கிலேயக் கார். என்னைவிடச் சில வயது மூத்தது. அதை லொறியில் ஏற்றி அன்புவழிபுரத்தில் எங்கள் வாசலில் இறக்கியபோது அவர் அழாத குறை. நானும்தான். காரணங்கள் வேறு வேறு.

உட்துறைமுகப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஒருவரிடம் என்ஜினை இறக்கிப் புதுப்பிக்கக் கொடுத்தார். கராஜ்காரரை ஊரில் எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அதிகம் கதைக்காத மனிதர். ஒரு ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நோயைக் கண்டுபிடிப்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும் என்று கேள்வி. என் கணவர் ஒவ்வொரு நாளும் காலையில் தேத்தண்ணிப் போத்தலும் மடக்குக் கதிரையும் கொண்டு கராஜுக்குப் போனார். மேற்பார்வை செய்யவாம். பாவம் பாஸ். ஒரு மாதம் ஒரு களஞ்சியப் பொறுப்பாளரின் கண்ணுக்கு முன்னால் வேலை செய்வதென்பது எப்படிப்பட்ட தண்டனை என்று எனக்குத் தெரியும். நான் அதைக் குசினியில் முப்பது வருடமாக அனுபவித்தவள்.

கார் ஓடியது. இரண்டு மாதம் அழகாக ஓடியது. கோணேசர் கோயில் மலைக்கு மூச்சு வாங்காமல் ஏறியது. என் கணவர் கோட்டை வாசலில் மான்களுக்குக்கூட ஹோர்ன் அடித்து வணக்கம் சொன்னார். மூன்றாம் மாதம், கிளச்சை மிதிக்கும்போது என்ஜினுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. பிறகு அந்த முனகல் உறுமலானது. சந்தியில் கிளச்சை மிதித்துக்கொண்டு நின்றால் என்ஜின் திணறி, சில நாட்களில் நின்றே போனது.

"பாஸ் வேலையைக் கெடுத்துப் போட்டான்" என்றார் என் கணவர். யோசிக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

எங்கள் விறாந்தையில் பின்னேரம் நாலு மணிக்கு ஒரு சபை கூடும். என் கணவர், ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். தேத்தண்ணி என்னுடையது, தீர்ப்பு அவர்களுடையது. தபால் அதிபர் எதைக் கேட்டாலும், "இதில எங்கயோ ஒரு தாமதம் நடந்திருக்கு" என்பார். பஸ் டிரைவருக்கு எந்த வாகனத்தின் எந்த நோய்க்கும் ஒரே காரணம்தான்: "பெற்றோலில தண்ணி." காற்றுப் போன டயரைக் காட்டியபோதும் ஒருமுறை அப்படித்தான் சொன்னார். மூன்று பேருமாகச் சேர்ந்து, அந்த ஒரு மாதத்துக்குள், பாஸ் ஒரு கைராசியில்லாத ஏமாற்றுக்காரர் என்று நகரத்தில் பாதிப் பேருக்குச் சொல்லி முடித்தார்கள்.

மற்றப் பாதியில் கொஞ்சப் பேருக்கு நான் சொன்னேன். அதை மறைத்துவிட்டு இதை எழுதுவது நியாயமில்லை. நான் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவள். என் பழைய பாடசாலைக்கு ஒரு விழாவுக்காகப் போயிருந்தபோது அதிபர் பாடசாலை வானைத் திருத்த வழமைபோல பாஸிடமே கொடுக்கலாமா என்று கேட்டார். "அந்த பாஸிட்ட மட்டும் குடுத்திடாதேங்கோ. எங்கட காரை நாசமாக்கிப் போட்டார்" என்று நான்தான் சொன்னேன். நிரூபிக்காமல் விடை எழுதிய பிள்ளைகளுக்கு முப்பது வருடமாகச் சைபர் போட்டவள்தான் அப்படிச் சொன்னேன்.

ஆவணியில் வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று நான் கேட்டேன். பஸ்ஸில் போவோம் என்றுதான் கேட்டேன். "கார் கிடக்கேக்க பஸ்ஸில போறதோ?" என்று சபையையும் பின் சீற்றில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். போகும்போது முனகியது. கும்பிட்டோம். திரும்பி வரும்போது, கிண்ணியாவுக்குக் கொஞ்சத் தூரம் இருக்கையில், வீதியில் மாடுகள் குறுக்கிட்டன. இவர் கிளச்சை மிதித்தார். கரகரவென்று இரும்பை இரும்பு தின்னும் ஒரு சத்தம். கார் நின்றுவிட்டது. மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

ஆண்கள் இறங்கினார்கள். பொனற்றைத் திறந்தார்கள். என் கணவர் திரும்ப உள்ளே ஏறி இருந்து கட்டளை போட்டார். "நான் கிளச்சை மிதிக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் சத்தத்தைக் கவனமாக் கேளுங்கோ."

தபால் அதிபரும் பஸ் டிரைவரும் என்ஜினுக்கு மேல் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, காதைக் கொடுத்தார்கள். என்ஜின் நின்றிருந்தது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஓடாத என்ஜினுக்குக் காது கொடுத்து இரண்டு பேர் தலையாட்டிக்கொண்டு நிற்பதை நான் அன்றுதான் கண்டேன்.

எனக்கு அந்தக் கலை தெரியாததால் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தேன். என்ஜினின் முன்பக்கத்தில், கீழே, விசிறி வார் ஓடும் ஒரு சில்லு இருக்கிறது. இவர் கிளச்சை மிதித்தபோது அந்தச் சில்லு முன்னுக்கு வந்தது. காலை எடுத்தபோது அப்படியே நின்றது. நான் குடைக்கம்பியால் மெல்லத் தள்ளினேன். டொக் என்று பின்னுக்குப் போனது.

"இஞ்சருங்கோ, இந்தச் சில்லு முன்னுக்கும் பின்னுக்கும் ஆடுது."

"நீர் சும்மா நில்லும். அது சுத்துற சாமான். ஆடத்தான் செய்யும்."

"சுத்துற பக்கம் இல்ல. முன்னுக்கு வருது."

"பெற்றோலில தண்ணி இருந்தாலும் அப்பிடித்தான்" என்றார் பஸ் டிரைவர், கண்ணைத் திறக்காமலே.

வயலிலிருந்து வந்த ஒரு உழவு இயந்திரம் கயிறு கட்டி எங்களைக் கிண்ணியாவுக்கு இழுத்து வந்தது. உழவு இயந்திரக்காரர் தனக்குத் தெரிந்த பட்டறையின் வாசலில் விட்டுவிட்டுப் போனார். அது கராஜ் இல்லை, லேத் பட்டறை. இரும்பைக் கடைந்து கொடுக்கும் இடம். அன்று வெள்ளிக்கிழமை. பட்டறைக்காரர், நாற்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் மனிதர், வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக ஜும்மாவுக்குப் புறப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். எங்கள் மூன்று நிபுணர்களும் ஒரே நேரத்தில் அவருக்கு விளக்கம் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அளந்தீங்களா?"



"சில்லு முன்னுக்கும் பின்னுக்கும் ஆடுது" என்று நான் சொன்னேன். "கிளச்சை மிதிச்சா முன்னுக்கு வருது."

அவர் என்னைப் பார்த்தார். "எவ்வளவு வருது?"

"கொஞ்சம்" என்று என் கணவர் முந்திக்கொண்டார்.

"கொஞ்சம் எண்டா?"

இவர் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் கிட்டக் கொண்டுவந்து ஒரு இடைவெளி காட்டினார். பட்டறைக்காரர் அந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தார். "இந்த விரலுக்கு நம்பர் அடிச்சிரிக்கா?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க டீச்சரா?"

"ஓம். கணக்கு."

"அப்ப திங்கக்கிழமை நீங்க வாங்க. இவங்க வேணா."

என்ஜின் சூடு ஆறியபின் பழையபடி இயங்கியது. கிளச்சைத் தொடாமலே, ஒரே கியரில், நடைவேகத்தில் பாலத்தைக் கடந்து வீடு வந்தோம். பின்னால் வந்த பஸ் முழுவதும் எங்களைத் திட்டியது. இவர் யன்னலால் கையை நீட்டி, போ போ என்று பெருந்தன்மையோடு வழிவிட்டுக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை நான் பஸ்ஸில் கிண்ணியாவுக்குப் போனேன். "லேத்காரனுக்கு என்ஜினைப் பற்றி என்ன தெரியும்?" என்று இவர் படலை வரைக்கும் வந்து கேட்டார். பட்டறையின் மூலையில் தலைகீழாகக் கிடந்த ஒரு பழைய என்ஜினைக் காட்டி அந்த மனிதர் எனக்கு விளக்கினார். பிஸ்டன்கள் மேலும் கீழும் குதிப்பதைச் சுழற்சியாக மாற்றுகிற தடித்த, கோணல்மாணலான இரும்புத் தண்டுதான் கிராங். நான் கண்ட சில்லு அதன் முன் நுனியில்தான் பூட்டியிருக்கிறதாம். அது சுழல வேண்டும். கூடவே நீளவாக்கில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மயிரளவு அசையவும் வேண்டும். அசைய இடமில்லாவிட்டால் எண்ணெய் நிற்க இடமில்லை, சூடாகிப் பிடித்துவிடும். கூட அசைந்தால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் தின்னும். கிளச்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தண்டை முன்பக்கமாகத் தள்ளுகிறோம். அந்தத் தள்ளுதலைத் தாங்குவது, பாதி நிலா வடிவத்தில் இருக்கும் சில மெல்லிய வாசர்கள்.

"இதப் பாருங்க டீச்சர்." ஒரு வாசரை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் வெறும் உருக்கு. மறுபக்கம் மென்மையான உலோகம் பூசி, எண்ணெய் ஓட இரண்டு தவாளிப்பு வெட்டியிருந்தது. "தவாளிப்பு இரிக்கிற பக்கம் கிராங்கப் பாக்கணும். அவ்வளவுதான் விசயம். இத மாத்திப் போடுற ஆக்களும் இரிக்காங்க."

"ஆர் அப்பிடிப் போடுவினம்?" என்று சிரித்தேன்.

பிறகு டயல் கேஜை எடுத்தார். மணிக்கூடு மாதிரி முகம், ஒரு முள், கீழே ஒரு மெல்லிய ஊசிக்கால். காந்தக்கால் ஒன்றில் அதைப் பூட்டி, என்ஜின் உடம்பில் ஒட்டவைத்து, ஊசிக்கால் கிராங்கின் நுனியில் நேராக முட்டும்படி நிறுத்த வேண்டும். நெம்புகோலால் தண்டைப் பின்னுக்குக் கடைசிவரை தள்ளி, முகத்தைத் திருப்பி முள்ளைச் சைபரில் வைக்க வேண்டும். பிறகு முன்னுக்குக் கடைசிவரை தள்ள வேண்டும். முள் காட்டுவதுதான் ஆட்டம். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டால், அதில் நாலு பங்கிலிருந்து எட்டுப் பங்குவரை எங்கள் காருக்குச் சரியாம். தடித்த ஒரு பழைய கையேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்.

நான் அளந்தேன். ஒன்பது வந்தது. திரும்ப அளந்தேன். பதினாலு. மூன்றாம் தரம் பதினொன்று.

"மூணும் மூணு மாதிரி இரிக்கே" என்றார்.

"சராசரி எடுக்கலாம்."

"எடுக்கலாம். ஆனா நீங்க ஸ்டாண்டில சாஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க."

வழுவைப் பற்றி முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான். அந்த வழு என்னுடைய முழங்கைதான் என்று ஒரு லேத் பட்டறையில் கேட்க வேண்டி வந்தது. முழங்கையை எடுத்தேன். ஏழு, ஏழு, ஏழு. "ஒருக்கா அளந்தா அது வெறும் கதை" என்றார் அவர். "திரும்பத் திரும்ப ஒண்டா வந்தாத்தான் அளவு." டயல் கேஜை ஒரு பழைய துவாயில் சுற்றி, பிஸ்கட் ரின்னுக்குள் வைத்துத் தந்தார். நெம்புகோலும் தந்தார். ஒரேயொரு நிபந்தனை: கேஜை நான் மட்டும்தான் தொடலாம்.

அந்த நிபந்தனையை வீட்டில் சொன்னபோது என் கணவரின் முகம் போன போக்கை வர்ணிக்க எனக்குத் தமிழ் போதாது. "நான் துறைமுகத்தில இப்பிடி ஆயிரம் கேஜ் பாத்தனான்" என்றார். பார்த்திருப்பார். பெட்டியோடு. கடைசியில், கிளச்சை மிதிக்கிற வேலைக்கு அவரை வைத்துக்கொண்டேன். சபை வழமைபோல நாலு மணிக்கு வந்து, கதிரைகளைக் காரைச் சுற்றிப் போட்டுக்கொண்டு இருந்தது.

காந்தக்காலை ஒட்டினேன். ஊசிக்காலைச் சில்லின் முகத்தில் முட்டவைத்தேன். நெம்புகோலால் பின்னுக்குத் தள்ளி முள்ளைச் சைபரில் வைத்தேன். "இப்ப மிதியுங்கோ" என்றேன்.

முள் எட்டைத் தாண்டியது. இருபதைத் தாண்டியது. நாற்பத்திரண்டில் போய் நின்றது.

நான் கொப்பியில் எழுதினேன். திரும்ப அளந்தேன். நாற்பத்திரண்டு. பத்துத் தரம் அளந்தேன். இரண்டு தரம் மட்டும் நாற்பத்தொன்று, மற்றதெல்லாம் நாற்பத்திரண்டு. கொப்பியைச் சபையில் வைத்தேன்.

தபால் அதிபர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வாசித்தார். "டயல் பிழையா இருக்கலாம்" என்றார்.

"பத்துத் தரமும் ஒரே மாதிரிப் பிழைக்குமோ?"

"பிழைக்கும் டீச்சர். பிழையின்ர குணமே அதுதான்."

"அந்த மீட்டர் கிண்ணியாக் காத்துக்குப் பழகினது" என்றார் என் கணவர். "இஞ்ச காத்து வேற."

இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு பாலம்தான் இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. ஆனால் கோபம்தான் கூட. பிழையான விடையைக் காட்டினால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட ஒருமுறை கொப்பியைத் திருப்பிப் பார்க்கும். இந்த மூன்று பேரும், தங்களுடைய காது சொன்னதைக் காப்பாற்றுவதற்காகக் கிண்ணியாவின் காற்றையே குற்றவாளியாக்கத் தயாராக இருந்தார்கள். அடுத்த நாள் காலையில் பாஸுக்கு நானே போன் எடுத்தேன். காரைக் குழிக்கு மேல் நிறுத்தி அடிப்பாகத்தைக் கழற்றும் வசதி அவரிடம்தான் இருந்தது. "கொண்டு வாங்கோ டீச்சர்" என்றார். அவ்வளவுதான். அந்தக் குரலில் ஒரு குறையும் இல்லை. அதுவே என்னை உறுத்தியது.

"திரும்ப அவனிட்டையோ?" என்று இவர் குதித்தார். வழியெல்லாம் குதித்துக்கொண்டே வந்தார். கராஜ் வாசலை அடைந்தபோது, ஏனோ அமைதியாகிவிட்டார். மடக்குக் கதிரையைக்கூட இறக்கவில்லை.

பாஸ் குழிக்குள் இறங்கினார். எண்ணெயை வடித்தார். எண்ணெய்ச் சட்டியைக் கழற்றி மேலே நீட்டினார். அடியில் பளபளவென்று இரும்புத்தூள், மஞ்சள்பொடி தூவியது மாதிரிப் படிந்திருந்தது. அந்த வாசர்கள் இருக்கும் நடுப் பெயரிங்கின் மூடியைக் கழற்றும்போது அவருடைய கை கொஞ்சம் நின்றது. பிறகு ஒரு வாசரை எடுத்துத் துணியால் துடைத்து என் கையில் தந்தார். உருக்குப் பக்கம் தேய்ந்து கண்ணாடி மாதிரி இருந்தது. தவாளிப்புப் பக்கம் புத்தம் புதிதாக, ஒரு கீறல் இல்லாமல், பெட்டியிலிருந்து எடுத்தது மாதிரி இருந்தது. அது இத்தனை மாதமாகக் கிராங்கைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

"மாறிப் போட்டிருக்கு" என்றேன்.

"ஓம் டீச்சர்."

"பாஸ், நீங்கள் இப்பிடிப் போடுவீங்களோ?"

அவர் குழிக்குள்ளிருந்து மேலே பார்த்தார். என்னை அல்ல, என் கணவரைப் பார்த்தார். என் கணவர் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு கப்பல் ஒன்றும் செய்யாமல் நின்றது.

"அண்டைக்கு என்ர மாமாட செத்த வீடு" என்றார் பாஸ் மெதுவாக. "ஒரு பகல் நான் நிக்கேல்ல. நடுப் பெயரிங் மட்டும் பூட்டக் கிடந்தது. ஐயாதான், 'நீ போயிட்டு வா, இதை நான் பாத்துப் போடுறன், இது எனக்குப் பழக்கம்' எண்டவர். திரும்பி வந்தாப் பிறகு நானும் ஆட்டத்தை அளந்து பாக்கேல்ல. கிராங்கைக் கையால சுத்திப் பாத்தனான், லேசாச் சுத்திச்சுது, மூடிப்போட்டன். அது என்ர பிழை."



"கப்பல் என்ஜினில இப்பிடித்தான் போடுறது" என்றார் என் கணவர்.

அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. ஒரு மாதமாக இந்த மனிதர் விறாந்தையில் இருந்து சொன்ன ஒவ்வொரு சொல்லும், நான் தேத்தண்ணியோடு சேர்த்துப் பரிமாறிய ஒவ்வொரு பின்னேரமும் ஞாபகம் வந்தன. "பாஸ், ஊரெல்லாம் உங்களைப் பற்றி இவர் சொன்னது தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியும் டீச்சர். பள்ளிக்கூட வானும் இப்ப இஞ்ச வாறேல்ல. பரவாயில்ல."

பள்ளிக்கூட வான். அது இவர் சொன்னதில்லை. நான் சொன்னது.

"ஏன் ஒருக்காலாவது சொல்லேல்ல?"

"வயசுபோன மனிசனை எப்பிடி..." என்று சொல்லிவிட்டு அவர் குழிக்குள் குனிந்துகொண்டார்.

அடுத்த நாள் நான் பாடசாலைக்குப் போய் அதிபரிடம் முழுவதையும் சொன்னேன். பாஸில் பிழை இல்லை, பிழை எங்கள் வீட்டில் என்று சொன்னேன். அதிபர் பொறுமையாகக் கேட்டார். "இப்ப குடுத்திருக்கிற இடமும் நல்லாத்தான் செய்யுது டீச்சர்" என்றார். அவரிடமிருந்து கேட்டு வேறு யார் யாரெல்லாம் பாஸைக் கைவிட்டார்கள் என்று விசாரித்து, நாலு பேருக்குப் போன் எடுத்தேன். இரண்டு பேர், "ஓ, அப்பிடியோ" என்றார்கள். ஒருவருக்கு அந்தக் கதையே நினைவில் இல்லை, ஆனால் அந்த கராஜ் சரியில்லை என்பது மட்டும் நன்றாக நினைவில் இருந்தது. நாலாவது அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாஸ் உங்களுக்கு என்ன, சொந்தமோ?" என்று கேட்டார். கெட்ட பேரை நாங்கள் கொடுத்தபோது ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லை. அதைத் திரும்ப எடுக்கப் போனபோது எல்லோரும் நீதவான் ஆகிவிட்டார்கள்.

வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். உண்மையைச் சபையில் சொல்லும்வரை தேத்தண்ணி இல்லை. மூன்று நாள் சபை வெறும் வாயோடு கூடிக் கலைந்தது. நாலாம் நாள் என் கணவர் தொண்டையைச் செருமினார். நான் கதவடியில் நின்றேன்.

"அந்தக் கார் விசயத்தில ஒரு சின்னப் பிழை நடந்திட்டுது."

"எங்க நடந்தது?" என்றார் தபால் அதிபர்.

"வாசரை மாறிப் போட்டாச்சு."

நான் தமிழ் படிப்பித்தவள் இல்லை. இருந்தாலும் அந்த வசனத்துக்கு எழுவாய் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. "ஆர் போட்டது?" என்று கதவடியிலிருந்து கேட்டேன்.

"அண்டைக்கு பாஸ் இல்லாததால..."

"ஆர் போட்டது?"

"நான்" என்றார்.

தபால் அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அவரும் இந்த மாதம் முழுவதும் கதைத்தவர்தானே. துடைத்து முடிய நேரம் எடுத்தது. பஸ் டிரைவர் என் கணவரின் தோளில் கை வைத்தார். "பரவாயில்ல" என்றார். "பெற்றோலிலயும் தண்ணி இருந்திருக்கும்." நான் உள்ளே போய்த் தேத்தண்ணிக்குக் கேற்றிலை அடுப்பில் வைத்தேன்.

கிராங்கைக் கழற்றிக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோனோம். தேய்ந்த முகத்தை லேத்காரர் கடைந்து சமப்படுத்தினார். கடைந்ததற்கு ஈடாகத் தடிப்புக் கூடிய வாசர்கள் எடுத்து, தவாளிப்பு கிராங்கைப் பார்க்க, பாஸ் தன் கையால் பூட்டினார். என் கணவர் பத்தடி தள்ளி நின்றார். அது என் நிபந்தனை. நான் அளந்தேன். ஆறு. பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நானும் ஒருக்காப் பாக்கட்டோ?" என்று கேட்டார். லேத்காரரின் நிபந்தனையை அந்த ஒரு முறை மீறினேன். அவரும் அளந்தார். ஆறுதான். கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்ஜினை ஓடவிட்டு, பழக்கம் விடாமல், ஸ்குரூ டிரைவரை எடுத்து என்ஜினில் வைத்து, பிடியைக் காதுக்குக் கொண்டுபோனார். குறைந்தபட்சம் என்ஜின் அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

கேஜைத் திருப்பிக் கொடுத்தபோது லேத்காரர் தன்னிடமிருந்த இன்னொரு பழைய கேஜை என்னிடம் தந்துவிட்டார். "டீச்சர் வச்சிரிங்க. உங்கட ஊருக்குத் தேவைப்படும்" என்றார். பாராட்டா, திட்டா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. என் கணவர் இப்போது கிராங் ஆட்டத்தைப் பற்றிப் பெற்றோல் நிலையத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறார். "கண்ணால பாக்கக்கூடாது, காதால கேக்கக்கூடாது, அளக்க வேணும்" என்கிறார். யார் அளப்பது என்று கேட்டால், "நாங்கள்" என்கிறார். பிழையை ஒத்துக்கொண்டபோது கிடைக்காத எழுவாய் இப்போது பன்மையில் கிடைக்கிறது.

போன மாதம் குச்சவெளியிலிருந்து ஒருவர் தன்னுடைய பழைய பிக்கப்பில் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். மீன் ஏற்றுகிற வாகனம், வாசனை படலைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. என்ஜினில் ஏதோ சத்தம், கிராங் போய்விட்டது என்று மூன்று பேர் சொன்னார்களாம். நான் கேஜைப் பூட்டி ஐந்து தரம் அளந்தேன். ஐந்து தரமும் ஐந்து.

"ஒண்டும் இல்ல" என்றேன். "நல்லாத்தான் இருக்கு. சத்தம் வேற எங்கயோ."

அவர் முகம் வாடிவிட்டது. "வடிவாப் பாத்தீங்களோ அம்மா?"

"ஐஞ்சு தரம் அளந்தனான்."

"மூண்டு பேர் சொன்னவை" என்றார்.

கொப்பியைக் காட்டினேன். எழுதியிருந்த ஐந்து இலக்கங்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். மரியாதையாக நன்றி சொன்னார். ஒரு பையில் நாலு பாரை மீன் தந்தார். பிக்கப்பில் ஏறி இருந்துகொண்டு, இந்தப் பக்கத்தில் காதால் கேட்டுச் சொல்லுகிற பாஸ் ஒருவர் இருக்கிறாராமே, எந்த வழியால் போக வேண்டும் என்று என் கணவரிடம் கேட்டார். இவர் வீதிக்கு இறங்கி, இரண்டு கையாலும் வழி காட்டினார்.